தில்லி மைதானத்தில் ஒரு வேண்டாத குரல்

கட்டை எறிவதைப் பார்க்கத் தில்லிக்குப் போகிறேன் என்று சொன்னதும், பாளையங்கோட்டையில் என்னோடு காலை நடை வருகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுபத்தெட்டு வயதில் ஒருவன் தில்லிக்குப் போனால் மகள் வீட்டில் தங்க வேண்டும், தாஜ்மகாலைப் பார்க்க வேண்டும், முடிந்தால் கண் ஆபரேஷன் செய்துகொண்டு திரும்ப வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் உலகத் தடகளப் போட்டியைப் பார்க்க யாராவது ரயில் ஏறுவார்களா? நான் ஏறுவேன். கல்லூரியில் தாவரவியல் கற்பித்த காலத்தில், விளையாட்டு விழா வந்தால் வகுப்பை விட்டுவிட்டு ஸ்டாப் வாட்சோடு மைதானத்தில் நின்றவன் நான். யாரும் கைதட்டாத பந்தயங்களைப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை.

போனேன். பார்த்தேன். போன இடத்தில் ஒரு பெண்ணின் தாண்டலைக் கெடுத்தேன். எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

மகள் ஹெப்சி தில்லி மருத்துவமனை ஒன்றில் மூத்த நர்ஸ். மயூர் விஹாரில் வீடு. மருமகன் ஜான்சன் மத்திய அரசு அதிகாரி, தில்லியிலேயே பிறந்தவர். அவருடைய தமிழில் மூன்று சொல்லுக்கு ஒன்று இந்தி. வெயிலில் அலைய வேண்டாம், எல்லாமே போனில் வருகிறது, ஏசியில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று இருவரும் முதல் நாள் இரவே சொல்லிவிட்டார்கள். போனில் பார்க்கப் பாளையங்கோட்டையே போதும் என்று நானும் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை கைத்தடியோடு ஆட்டோவில் ஏறி, “ஸ்டேடியம்” என்றேன். ஓட்டுநர் வேறெதுவும் கேட்காமல் ஓட்டிக்கொண்டுபோய் இறக்கிவிட்ட இடத்தில் ஈ காக்கை இல்லை. சுவரில் கிரிக்கெட் மட்டை பிடித்த ஒருவரின் பெரிய படம் மட்டும் இருந்தது. இங்கே இல்லை, ஓட்டப்பந்தயம் நடக்கிற இடம் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். புரியவில்லை. பின் இருக்கையில் உட்கார்ந்தபடியே இரண்டு கைகளையும் வீசி ஓடிக் காட்டினேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, “ஓடுவதையெல்லாம் பணம் கொடுத்தா பார்க்கிறார்கள்?” என்றார். பணமே கிடையாது, சும்மா விடுகிறார்கள் என்றேன். “அப்படியானால் நிச்சயமாகக் கூட்டம் இருக்காது, அங்கிள்” என்று உறுதியாகச் சொல்லி வண்டியைத் திருப்பினார்.

வாசலில் காவலர் என் பையைத் திறந்து ஹெப்சி கட்டிக்கொடுத்த புளியோதரையை வெளியே எடுத்தார். சாப்பாடு உள்ளே போகாதாம். குப்பைத்தொட்டியைக் காட்டினார். அதில் போட எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு எதிரிலேயே நடைபாதையில் உட்கார்ந்து, காலை ஒன்பதரை மணிக்கு, மதியச் சாப்பாடு முழுவதையும் சாப்பிட்டேன். கடைசியில் அவரே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

உள்ளே கட்டை எறிதல் தொடங்கியிருந்தது. நம் ஊர் உடற்பயிற்சிக் கூடங்களில் கரலாக்கட்டை இருக்குமே, அதைக் கைக்கடக்கமாகச் செதுக்கியது போன்ற ஒன்று. கை விரல்கள்கூடச் சரியாக மடங்காதவர்கள் அதை எறிகிறார்கள். தரையோடு இறுக்கிய இரும்பு இருக்கையில் அவர்களைத் தூக்கி வைத்து, இடுப்பு, தொடை, கணுக்கால் என்று பட்டை பட்டையாகக் கட்டுகிறார்கள். கட்டி முடிக்கவே நேரமாகிறது. ஒருவர் மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கட்டையை விரல் இடுக்கில் செருகி, தலைக்கு மேலாகப் பின்பக்கம் விசிறினார். அது எங்கே விழுந்தது என்று அவரால் திரும்பிப் பார்க்க முடியாது. கூட்டத்தின் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கூட்டமோ பாதிக்கு மேல் போன் பார்த்துக்கொண்டிருந்தது. நான் எழுந்து நின்று கைதட்டினேன்.

என் பக்கத்தில் அரியானா விவசாயி ஒருவர் இருந்தார். எறிகிறவர்களில் ஒருவன் அவருடைய சித்தப்பா மகன். “இவனைக் கட்டும்போது நன்றாகப் பாருங்கள், மாஸ்டர்ஜி. ஒழுங்காகக் கட்டாவிட்டால் கட்டையோடு இவனும் பறந்துவிடுவான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்” என்றார். சொல்லிவிட்டு, சால்வைக்குள்ளிருந்து காகிதத்தில் சுற்றிய ரொட்டியும் மிளகாய் ஊறுகாயும் எடுத்தார். காவலரைத் தாண்டி அது எப்படி உள்ளே வந்தது என்று நான் கேட்கவில்லை. வயிறு நிறைந்திருந்தும் வாங்கிச் சாப்பிட்டேன்.

எங்களுக்குப் பின்னால் பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்தில் அழைத்துவந்து உட்கார வைத்திருந்தார்கள். இவர்களைப் பாருங்கள், கடவுள் உங்களுக்குக் கையும் காலும் கொடுத்ததற்கு நன்றி சொல்லுங்கள் என்று ஓர் ஆசிரியை அவர்களிடம் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. நானும் ஆசிரியன்தான் என்று அறிமுகம் செய்துகொண்டு, நன்றி சொல்ல வந்த இடம் இது இல்லை, கோயில் அதற்கு இருக்கிறது, இங்கே தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பரிதாபத்தோடு விளையாட்டைப் பார்ப்பது ஆட்டக்காரரை அவமதிப்பது என்று சின்னப் பிரசங்கமே செய்தேன். அரியானாக்காரர் தலையாட்டினார். விளையாட்டை எப்படிப் பார்க்க வேண்டும் என்று தில்லிக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவனைப் போல அன்று மாலை வீடு திரும்பினேன்.

இரண்டாம் நாள் மூன்று சக்கர வண்டி ஓட்டம். சைக்கிள் போல இருக்கும், மிதிகட்டை மட்டும் கிடையாது. உடல் தசைகள் சொன்னபடி கேட்காதவர்கள் நெஞ்சை ஒரு பட்டையில் சாய்த்துக்கொண்டு, காலால் தரையை உந்தி ஓடுகிறார்கள். தனியாக நாலடி வைக்க முடியாத ஒரு பெண் அந்த வண்டியில் என் கண் முன்னால் பறந்து போனாள். பகல் முழுக்கப் பார்த்தேன். வெளியே வந்து சோலே குல்ச்சே என்று கொண்டைக்கடலையும் ரொட்டியும் சாப்பிட்டேன். எங்கள் பாளையங்கோட்டை மைதானத்தில் வேர்க்கடலைப் பொட்டலம்தான் கிடைக்கும். அதைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்த நாக்கு இந்தக் கொண்டைக்கடலைக் காரத்தில் அன்று இரவெல்லாம் எரிந்தது.

அன்று மாலைதான் ஹெப்சி அவளுடைய சர்ச் வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தியைக் காட்டினாள். நம் பக்கத்துப் பெண் ஒருத்தி நாளை நீளம் தாண்டுகிறாள். பெயர் பேச்சி. சங்கரன்கோவில் பக்கம். பிறந்ததிலிருந்து கண் தெரியாது. கணவன் முருகனோடு முனிர்காவில் ஒற்றை அறையில் இருக்கிறாள். அவன் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறான். மைதானத்தில் அவளுக்குக் குரல் கொடுக்கிறவன் அவன்தான். இது அவளுக்கு முதல் உலகப் போட்டி. முதல் மூன்று தாண்டலில் சிறந்த எட்டுப் பேருக்குள் வந்தால் மேலும் மூன்று தாண்டல் கிடைக்கும். இல்லையென்றால் அத்தோடு வீட்டுக்கு.

எனக்கு அன்று இரவு தூக்கம் சரியாக வரவில்லை. நம் ஊர்ப் பிள்ளை என்கிற எண்ணம் எனக்குள் புகுந்துகொண்டது. அங்கேதான் தப்பு தொடங்கியது.

மூன்றாம் நாள் ஜான்சன் விடுப்புப் போட்டுக்கொண்டு என்னோடு வந்தார். தாண்டும் குழிக்குப் பக்கத்தில், ஓடுபாதைக்கு நேராக, கீழ்வரிசையில் இடம் பிடித்தோம். அந்த வரிசையில் இருந்த எல்லோரிடமும், அதோ நீல உடையில் நிற்கிறாளே, அவள் எங்கள் பெண் என்று சொல்லிவிட்டேன். கர்நாடகக்காரர் ஒருவர், பேத்தியா என்று கேட்டார். நான் இல்லை என்று சொல்லவில்லை.

இந்தப் போட்டி எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டும். எல்லோரும் கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொள்கிறார்கள். குரல் கொடுப்பவர் தாண்டுகிறவரைப் பாதையின் தொடக்கத்துக்கு அழைத்துப் போய், தோளைப் பிடித்துக் குழிக்கு நேராகத் திருப்பி நிறுத்துகிறார். பிறகு தான் ஓடிவந்து, வெள்ளைத் தூள் தூவிய தாண்டுமிடத்துக்கு அருகில் நின்று கைதட்டிக் கூப்பிடுகிறார். அந்தச் சத்தத்தை நோக்கி முழு வேகத்தில் ஓடிவர வேண்டும். அதனால் ஒவ்வொரு தாண்டலுக்கு முன்னும் ஓர் அதிகாரி பெரிய பலகையைத் தூக்கிக் காட்டுகிறார். அமைதி என்று அதில் எழுதியிருக்கிறது. ஆயிரக்கணக்கானவர்கள் வாயை மூடுகிறார்கள். தில்லியில் அப்படியொரு அமைதியை வேறெங்கும் நான் கேட்டதில்லை.

ஒவ்வொரு நாட்டுக்காரரும் அவரவர் மொழியில் கூப்பிட்டார்கள். முருகன் தமிழில் கூப்பிட்டான். “வா, வா, வா, வா” என்று ஒரே தாளத்தில், கைதட்டலோடு.

பேச்சியின் முதல் தாண்டலில் கால் தாண்டுமிடத்தைக் கடந்து விழுந்தது. சிவப்புக் கொடி. கணக்கில் இல்லை.

இரண்டாவதற்கு வந்து நின்றாள். பலகை உயர்ந்தது. நான் அதைப் பார்த்தேன். படித்தேன். அதன் பொருள் எனக்குத் தெரியும். முந்தைய தாண்டலின்போது பக்கத்தில் தும்மியவரைக்கூட முறைத்திருந்தேன். முருகன் கூப்பிடத் தொடங்கினான். அவள் புறப்பட்டாள். என்ன ஓட்டம் அது. எங்கள் வரிசைக்கு நேராக வந்தபோது நான் எழுந்து நின்று, “வா தாயீ, விடாத!” என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

அவள் தலை என் பக்கம் இலேசாகத் திரும்பியது. தலையைத் தொடர்ந்து தோளும் திரும்பியது. அடுத்த எட்டுகளில் பாதையின் ஓரத்துக்கு வந்துவிட்டாள். முருகன் சத்தத்தைக் கூட்டினான். அதற்குள் அவள் எழும்பிவிட்டாள். குழியின் விளிம்பில் இடுப்பு மோத விழுந்தாள். மறுபடி சிவப்புக் கொடி.

உற்சாக மிகுதியில் வாய் தவறி வந்துவிட்டது என்று எழுதினால் வாசிப்பவர்கள் ஒப்புக்கொள்வார்கள். அது உண்மையில்லை. அவள் காதில் விழ வேண்டும் என்று நான் கத்தவில்லை. அவள் எங்கள் பெண் என்பது அந்த வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று கத்தினேன்.

ஜான்சன் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். “மாமா, சலோ, போலாம். எல்லாரும் நம்மளத்தான் தேக்குறாங்க” என்றார். உண்மைதான், எல்லோரும் எங்களைத்தான் பார்த்தார்கள். கர்நாடகக்காரர் நாற்காலியை விட்டு நகர்ந்துபோய் வேறிடத்தில் உட்கார்ந்தார். அதிகாரி ஒருவர் எங்கள் பக்கம் விரலை நீட்டி எச்சரித்தார். எழுந்து போய்விடுவது எளிது. போக மாட்டேன் என்றேன். செய்துவிட்டு ஓடுகிறவனாக இருக்க விருப்பமில்லை. மூன்றாவதையும் பார்த்துவிட்டுத்தான் எழுவேன்.

விழுந்ததில் சிராய்த்த அவள் முழங்கையில் மருந்து போட்டார்கள். வேறு நாட்டுப் பெண்களின் முறை ஒன்றும் இரண்டுமாக முடிந்தது. பேச்சி முருகனின் தோளைப் பிடித்துக்கொண்டு தடுப்புக் கம்பி வரை வந்தாள். பார்வையாளர் பக்கம் முகத்தைத் திருப்பி, எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் கேட்டாள்.

“யாரு அது, தமிழ்ல கூப்பிட்டது?”

மேல் வரிசைகளில் தமிழர்கள் இருந்திருக்க வேண்டும். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஜான்சன் என் முழங்காலை அழுத்தினார். நான் எழுந்தேன்.

“நான்தாம்மா. தப்புப் பண்ணிட்டேன்.”

“எந்த ஊரு?”

“பாளையங்கோட்டை.”

“அதானே பாத்தேன். சீமைக்காரியெல்லாம் சும்மா இருக்கா, நம்ம ஊருக்காரருக்குத்தான் வாய் நிக்கல.” முருகன் அவளை இழுத்தான். அவள் நகரவில்லை. “எத்தன நாட்டு மொழி கேட்டாலும் நமக்குக் கொழப்பம் வராது, தமிழ்ல கூப்பிட இங்க யாரு இருக்கான்னு இவரு சொன்னாரு. அதுக்குன்னே ரயிலேறி வந்தீயளா தாத்தா?”

இல்லம்மா, பாக்கத்தான் வந்தேன் என்றேன்.

“இருங்க. எந்திரிச்சுப் போயிராதீய. ஆனா மூச்சு விட்டாலும் எனக்குக் கேக்கும், பாத்துக்கிடுங்க.”

இருந்தேன். பலகை உயர்ந்தது. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். முருகன் கூப்பிட்டான். அவள் ஓடிவந்தாள். நேராக வந்தாள், சரியான இடத்தில் எழும்பினாள், வெள்ளைக் கொடி. ஆனால் காலையிலிருந்து தாண்டல்களைப் பார்த்த எனக்கு அவள் விழும் முன்பே தெரிந்துவிட்டது. என் வரிசைக்கு நேராக வந்தபோது அவள் வேகம் ஒரு மாற்றுக் குறைந்தது. ஒன்பதாவது இடம். எட்டாவதாக வந்தவளுக்கும் அவளுக்கும் இடையில் ஒரு சாண்கூட இருக்காது.

வீரர்களின் பேருந்து நிற்கும் வாசலில் போய் நின்றேன். ஜான்சன் அலுவலகத்தில் யாரிடமோ போனில் பேசுவதுபோல் தள்ளி நின்றார். முருகன்தான் முதலில் என்னைப் பார்த்தான். ஒல்லியான பையன்; கோபத்தோடு நேராக என்னை நோக்கி வந்தான். என்னை அடித்துவிடுவானோ என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். அவளைத் தயார் செய்ய இரண்டு வருடம் ஆயிற்று, ஐயா, ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டீர்கள் என்றான். நான் மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் பெரியவர், கேட்டுவிட்டீர்கள், போய் வாருங்கள் என்றான். மன்னித்ததாகச் சொல்லவில்லை.

பேச்சி சொன்னது வேறு. “மூணாவதுல நீங்க சத்தமே போடல, சரிதான். ஆனா எப்பப் போடுவீயளோன்னு ஒரு காது ஒங்க பக்கமே கெடந்துச்சு. அந்தக் காத என்ன செய்ய?”

அதற்கு அவளே பதிலும் சொன்னாள். வாழ்க்கை முழுக்க யாராவது ஒருவர் எங்காவது கத்திக்கொண்டுதான் இருப்பார்கள். எல்லா மைதானத்திலும் பலகையை மதிக்கிறவர்களாகவே உட்கார்ந்திருப்பார்கள் என்று நம்பி ஓட முடியாது. சனிக்கிழமை காலையில் முனிர்கா வாருங்கள், பக்கத்து மைதானத்தில் பயிற்சி இருக்கிறது என்றாள். எதற்கு என்று முருகன் கேட்டான். “கத்துறதுக்கு” என்றாள்.

சனிக்கிழமை எனக்கு ஊருக்கு ரயில். ரத்து செய்தேன். ஹெப்சி விஷயம் முழுவதையும் ஜான்சன் மூலம் கேட்டிருந்தாள். “அப்பா, ஒரு தடவ மானத்த வாங்கினது காணாதா? அந்தப் பிள்ளை ஏதோ கோவத்துல சொல்லியிருக்கு. நீங்க பாட்டுக்குப் போய் நிக்கப் போறீயளே” என்றாள். போவேன் என்றேன். பிபி மாத்திரையை எடுத்து என் சட்டைப் பையில் போட்டாள். அவள் விடைகொடுக்கும் விதம் அது.

முனிர்காவின் சந்துகளில் ஆட்டோ நுழையவில்லை. மேலே மின்கம்பிகள் கொடிக்கயிறு போலத் தொங்க, கீழே ஓர் ஆள் மட்டும் போகக்கூடிய வழி. ஒவ்வொரு மாடியிலும் படிக்கிற பிள்ளைகள். வழி கேட்டவர்களில் ஒருவன் மதுரைப் பையன். தோசைக் கடை வரை கூட்டிவந்தான். அந்தக் கடைச் சட்னியில் தேங்காயைவிடப் பொட்டுக்கடலை அதிகம். தோசை மட்டும் எங்கள் ஊர்த் தோசைக்குச் சளைத்ததில்லை. முருகன் அங்கே காத்திருந்தான். எனக்கும் ஒரு தோசை சொன்னான்.

மைதானத்தில் மணல் குழியும் தேய்ந்த ஓடுபாதையும் இருந்தன. பேச்சி கண்கட்டோடு தொடக்கத்தில் நின்றாள். முருகன் குழி அருகில். என்னைப் பாதைக்கு இடப்பக்கம், அன்று உட்கார்ந்திருந்த அதே தூரத்தில் நிறுத்தினார்கள். அவன் கூப்பிடும்போது நானும் கூப்பிட வேண்டும். அவள் என் பக்கம் வரக் கூடாது.

முதல் ஓட்டத்தில் மறுபடி கெடுத்துவிடுவேனோ என்று பயந்தேன். முணுமுணுத்தேன். அவள் பாதி வழியில் நின்றுவிட்டாள்.

“கேக்கல தாத்தா. பாவம் பாக்காதீய. அன்னைக்குக் கத்துன மாரி கத்துங்க.”

பள்ளி ஆசிரியைக்கு நான் சொன்ன பிரசங்கத்தை இவள் ஒரே வரியில் எனக்குத் திருப்பிச் சொல்லிவிட்டாள். மூச்சை இழுத்துக் கத்தினேன். “வா தாயீ!” அவள் என்னை நோக்கியே வந்தாள். பாதையை விட்டு இறங்கி, புல்லில் கால் பட்டதும் நின்று, கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். மறுபடி. மறுபடி என் பக்கம் சாய்ந்தாள். வேண்டாம், இன்றைக்குப் போதும் என்று முருகன் சொன்னான். அவள் காதில் வாங்கவில்லை.

வெயில் ஏறியது. நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் நெடுநேரம் எங்களைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். “பேத்தி ஏதோ கோபத்தில் இருக்கிறாள் போலிருக்கிறது, பாய் சாகப். கொஞ்ச நேரம் விட்டுப் பிடியுங்கள், தானே வருவாள்” என்று ஆறுதல் சொன்னார். வரக் கூடாது என்பதற்காகத்தான் கூப்பிடுகிறேன் என்று என் இந்தியில் சொன்னேன். அவர் முருகனைப் பார்த்தார், பேச்சியைப் பார்த்தார், வேகமாக நடந்து போய்விட்டார்.

எத்தனையாவது ஓட்டம் என்று நினைவில்லை. முருகன் கைதட்டினான். அவள் புறப்பட்டாள். நான் கைத்தடியைத் தரையில் ஊன்றிக்கொண்டு, ஊர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், தொண்டை கிழியக் கூப்பிட்டேன். அவள் தலை திரும்பவில்லை. என்னைத் தாண்டி, நேராக, ஒரு மாற்றும் குறையாமல் போனாள். குழியில் மணல் தெறித்தது. நான் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் வரவில்லை.